சும்மா சுழலுமா காந்தச் சக்கரம்?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் என்ற ஊரின் பக்கத்தில் 'கோரல் காசில்' என்றொரு கல் தோட்டம் இருக்கிறது. அதைத் தனி ஆளாகக் கட்டியவர் எட்வர்ட் லீட்ஸ்கால்னின். லாட்வியாவில் பிறந்து வட அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஐந்தடி உயரம், மெலிந்த உடம்பு. மொத்தம் சுமார் 1,100 டன் சுண்ணாம்புக் கல்லை அவர் வெட்டி, நகர்த்தி, நிமிர்த்தி வைத்திருக்கிறார். காந்தத்தால் கல்லை மிதக்கவிட்டார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆனால் அவர் காலத்துப் புகைப்படங்களில், மூன்று மரங்களை நட்டு உச்சியில் சேர்த்துக் கட்டிய முக்காலியும் அதில் தொங்கும் சங்கிலிக் கப்பியும் தெளிவாகவே தெரிகின்றன. விரலால் தள்ளினாலே சுழலும் என்று பேர்பெற்ற 9 டன் கல் கதவு 1986இல் நின்றுபோனது. கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். கல்லை மேலிருந்து கீழ்வரை துளைத்து ஓர் இரும்புத் தண்டைச் செருகி, அதைப் பழைய லாரி பேரிங் ஒன்றின் மேல் உட்கார வைத்திருந்தார் லீட்ஸ்கால்னின். மந்திரக் கதைகளைவிட இது எனக்குப் பெரிய வியப்பு. 9 டன் கல்லின் எடை எங்கே சமமாக நிற்கும் என்று கணித்து, அந்த இடத்தில் நேராகத் துளை போட்ட மனிதர் லேசுப்பட்டவர் அல்ல.

அதே மனிதர் 1945இல் காந்த மின்னோட்டம் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி அச்சிட்டார். மின்னோட்டம் எலக்ட்ரான்களின் ஓட்டம் இல்லை, வட காந்தம், தென் காந்தம் என்ற இரண்டு வகை நுண்துகள்கள் எதிரெதிராகத் திருகிக்கொண்டு ஓடுவதுதான் மின்சாரம் என்பது அவர் கொள்கை. இயற்பியல் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றுக்கு 'நிரந்தர இயக்கத் தாங்கி' என்ற பொருளில் அவர் பெயர் வைத்தார். காந்தத்தில் ஆர்வம் கொண்ட அமெச்சூர்கள் பலர் அதை இன்றும் செய்து பார்க்கிறார்கள். நீங்களும் செய்யலாம்.

தடித்த இரும்புக் கம்பி ஒன்றை 'ப' வடிவில் வளைத்து, இரண்டு கால்களிலும் தாமிரக் கம்பியைச் சுருளாகச் சுற்ற வேண்டும். திறந்திருக்கும் இரு முனைகளும் மட்டமாக இருக்கும்படி ராவி, அவற்றின் மேல் குறுக்காக ஓர் இரும்புக் கட்டையை வைக்க வேண்டும். சுருளில் பாட்டரியை ஒரு கணம் கொடுத்து எடுத்துவிடுங்கள். பாட்டரி போன பிறகும் குறுக்குக் கட்டை விடாது. இழுத்தாலும் வராத அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு சுருளின் இரு முனைகளில் ஒரு சிறு பல்பை இணைத்து, கட்டையை வெடுக்கென்று பிடுங்குங்கள். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரியும். கட்டையைத் திரும்ப வைத்தால் பழைய பிடிப்பு இருக்காது.

பாட்டரி எடுத்த பிறகும் இரும்புக்குள் ஏதோ ஒன்று வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடுங்கியதும் அது வெளியே வந்து பல்பை எரித்தது என்றுதான் லீட்ஸ்கால்னினுக்குத் தோன்றியது. கண்ணால் கண்டதை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் இயல்பானதுதான். அவர் கண்டது அத்தனையும் உண்மை, ஏமாற்று எதுவும் இல்லை. பிழை விளக்கத்தில் இருக்கிறது.

இரும்புக்குள் கோடிக்கணக்கான நுண்காந்தப் பகுதிகள் உள்ளன. மின்னோட்டம் பாய்ந்த கணத்தில் அவை பெரும்பாலும் ஒரே போக்கில் திரும்பிவிடுகின்றன. வழக்கமாக மின்னோட்டம் நின்றதும் தேனிரும்பு தன் காந்தத்தைப் பெருமளவு இழந்துவிடும். அதன் திறந்த முனைகளில் உண்டாகும் துருவங்களே உள்ளே எதிர்ப்புலத்தை எழுப்பி அதைக் கலைத்துவிடும். இங்கே குறுக்குக் கட்டை வட்டத்தை மூடிவிட்டதால் திறந்த துருவமே இல்லை, கலைப்பதற்கு ஆளில்லை. திரும்பியவை திரும்பியபடியே நிற்கின்றன. கட்டையைப் பிடுங்கும்போது சுருளுக்குள் இருந்த காந்தப்பாயம் சட்டென்று சரிகிறது. காந்தப்பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்திருந்தார். பல்பை எரித்த ஆற்றலில் பெரும்பங்கு உங்கள் கை கொடுத்தது. பிடுங்குவதற்கு நீங்கள் பட்ட சிரமம்தான் அந்த ஒளி.

இந்த அமைப்பு வெறும் விளையாட்டும் இல்லை. மூடிய வளையத்தில் காந்தம் பாட்டரியே இல்லாமல் தங்கி நிற்கும் என்பதை வைத்துத்தான் 1950களிலிருந்து சுமார் 20 ஆண்டுகள் உலகத்தின் கணிப்பொறிகளில் நினைவகத்தை அமைத்தார்கள். கடுகளவு ஃபெரைட் வளையங்கள். ஒவ்வொன்றும் ஒரு பிட். ஒரு பக்கம் சுற்றிய காந்தம் பூஜ்யம், மறுபக்கம் சுற்றியது ஒன்று. நிலவுக்கு மனிதரைக் கொண்டுபோன அப்போலோ விண்கலத்தின் கணிப்பொறியிலும் இத்தகைய வளையங்கள்தான் இருந்தன. ஹோம்ஸ்டெட்டில் ஒருவர் தன் பட்டறையில் தொட்டு வியந்த அதே நிகழ்வைப் பொறியாளர்கள் அளந்து பயன்படுத்தினார்கள்.

இத்தகைய சோதனைகளைக் கண்டு, காந்தத்திலிருந்து விலையில்லா ஆற்றல் தேடும் கூட்டமும் உண்டு. அதை இரண்டாகப் பிரித்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலீடு வாங்கிக்கொண்டு மறைபவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்கள் காவல்துறையின் பொறுப்பு. என் அக்கறை மற்றவர்கள் மீது. சொந்தக் காசில் காந்தம் வாங்கி, இரவு முழுக்கச் சுருள் சுற்றி, கண்டதை உள்ளபடி எழுதி வைப்பவர்கள் அவர்கள். அவர்களைச் சிரித்து ஒதுக்குவதால் யாருக்கும் லாபம் இல்லை. அவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்று சொல்லித் தருவதுதான் வேலை. வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே போல இருக்கின்றன.

முதல் இடம், விசையையும் ஆற்றலையும் ஒன்றென எண்ணுவது. ஒரு காந்தம் குளிர்பெட்டிக் கதவில் பத்து ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு யாரும் தீனி போடவில்லை, அப்படியானால் அதற்குள் வற்றாத ஊற்று இருக்கத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். இல்லை. எதையும் நகர்த்தாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஆற்றல் செலவே கிடையாது. சுவரில் அடித்த ஆணியும் ஆண்டுக்கணக்கில் படத்தைத் தாங்குகிறது. நாம் கையில் கனத்தைத் தூக்கி வைத்திருந்தால் களைத்துப்போவதற்குக் காரணம் நம் தசைகள் இயங்கும் விதம். அந்த அனுபவத்தைக் காந்தத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். உண்மையில் ஒரு நியோடிமியம் காந்தம் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் காந்தத்துக்கு ஒரு ஜூலுக்கும் குறைவுதான். ஒரு ஜூல் என்பது 100 கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்கத் தேவையான அளவு. சுவர்க் கடிகாரத்தில் போடும் ஒரு பென்சில் செல்லில் சுமார் 10,000 ஜூல் இருக்கிறது. விரலைக் கடித்துவிடும் வலுவுள்ள காந்தத்துக்குள் இவ்வளவு சொற்பம்தான் என்பதை நம்பவே கடினமாக இருக்கும்.

காந்தங்களை மட்டும் அடுக்கி ஒரு சக்கரத்தை ஓயாமல் சுழல வைக்கும் ஆசைக்கு ஏழரை நூற்றாண்டு வயது. 1269இல் இத்தாலியின் லூசெரா நகர முற்றுகையின்போது படையோடு இருந்த பெத்ருஸ் பெரெக்ரினுஸ் என்ற பிரெஞ்சுக்காரர் காந்தம் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காந்தத்துக்கு இரண்டு துருவம் உண்டு, உடைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு துருவம் வந்துவிடும் என்பதையெல்லாம் முறையாகச் சோதித்து எழுதிய முதல் நூல்களில் ஒன்று அது. அதே கடிதத்தின் கடைசியில் காந்தத்தால் ஓயாமல் சுழலும் ஒரு சக்கரத்தின் வடிவமைப்பும் இருக்கிறது. 1979 ஏப்ரல் மாதம் ஹோவர்ட் ஜான்சன் என்ற அமெரிக்கர் நிலைக்காந்த மோட்டாருக்கு அமெரிக்கக் காப்புரிமையே பெற்றார். அந்தக் காப்புரிமை எண்ணைக் காட்டி, அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஒரு கருத்து புதியது என்பதற்குத்தான் காப்புரிமை முதன்மையான சாட்சி, இயந்திரம் ஓடியதற்கு அல்ல. ஜான்சனின் மோட்டார் எந்த வீட்டுக்கும் மின்சாரம் தரவில்லை.

ஏன் ஓடாது? காந்தங்கள் பதித்த வட்டப் பாதையை மேடும் பள்ளமுமான வட்டச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு இழுக்கும் இடம் இறக்கம், விலக்கு தடுக்கும் இடம் ஏற்றம். சாலையை எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம். ஒரு பக்கம் நீண்ட மெல்லிய இறக்கமாகவும் மறுபக்கம் குறுகிய செங்குத்து ஏற்றமாகவும்கூட வைக்கலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமம். அமெச்சூர்கள் இந்தச் செங்குத்து ஏற்றத்தை நன்றாக அறிவார்கள். சக்கரம் முக்கால் வட்டம் வேகமாக ஓடி, ஓரிடத்தில் தயங்கி, பின்வாங்கி நின்றுவிடும். அந்த 'ஒட்டும் இடத்தை' மட்டும் சமாளித்துவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காந்தத்தைச் சாய்த்து, கவசம் போட்டு, இடைவெளி மாற்றி அதை ஓரிடத்தில் அழித்தால் வேறோர் இடத்தில் முளைக்கும். முக்கால் வட்டத்தில் பெற்ற வேகத்தின் விலை அது.

டப்ளினைச் சேர்ந்த ஸ்டியோர்ன் நிறுவனம் 2006இல் 'எகானமிஸ்ட்' இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, காந்தத்திலிருந்து ஆற்றல் பெறும் தன் கண்டுபிடிப்பைச் சோதிக்க விஞ்ஞானிகளை அழைத்தது. 2007 ஜூலையில் லண்டனில் நடக்க வேண்டிய காட்சி ரத்தானது. விளக்குகளின் சூடு பழுதாக்கிவிட்டது என்றார்கள். 2009இல் அந்த நிறுவனம் தானே அமைத்த நடுவர் குழு, ஆற்றல் உற்பத்தி எதையும் காணவில்லை என்று ஒருமனதாகச் சொன்னது.

இதே கனவில் ஒரு காலத்தில் மூழ்கியிருந்த இன்னொரு அமெச்சூரின் கதை காந்தச் சக்கரம் செய்பவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லியே ஆக வேண்டிய கதை அது.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் 1818இல் பிறந்தவர் ஜேம்ஸ் ஜூல். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்குக் கிடையாது. பத்தொன்பது வயதில், 1838இல், மின்காந்தத்தால் ஓடும் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கினார். நீராவி இயந்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மின்காந்தம் அந்த இடத்துக்கு வரும் என்று உறுதியாக நம்பினார். நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் இரு மின்காந்தங்களுக்கு இடையிலான ஈர்ப்பு நான்கு மடங்காகிறது என்று அவரே அளந்து கண்டிருந்தார். பாட்டரியில் கரையும் துத்தநாகமோ மின்னோட்டத்துக்கு ஏற்ப இரண்டு மடங்குதான் கூடும். செலவு இரட்டிப்பு, வலு நான்கு மடங்கு. மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் லாபத்துக்கு எல்லையே இல்லை! இன்று காந்த மோட்டார் செய்பவர்களின் வாதங்கள் பலவற்றைவிட இந்த வாதம் வலுவானது.

ஜூல் அங்கே நிற்கவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இயந்திரத்தை ஓடவிட்டு, ஓடும்போது அளந்தார். அசையாமல் நிற்கும்போது பாய்ந்த மின்னோட்டம், இயந்திரம் வேகமெடுக்க வேகமெடுக்கக் குறைந்துகொண்டே வந்தது. சுழலும் காந்தம் அதே சுருளில் எதிர் மின்னழுத்தத்தைப் பிறப்பித்து, பாட்டரியை எதிர்த்து நின்றது. மூன்று ஆண்டு உழைப்புக்குப் பின், 1841இல், அவர் கைக்கு வந்த கணக்கு கசப்பானது: ஒரு பவுண்டு துத்தநாகம் பாட்டரியில் கரைந்து செய்யும் வேலை, நல்ல நீராவி இயந்திரத்தில் ஒரு பவுண்டு நிலக்கரி செய்யும் வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. துத்தநாகத்தின் விலையோ நிலக்கரியைவிடப் பல மடங்கு. மின்காந்தம் நீராவியை வெல்லும் என்ற நம்பிக்கை தகர்ந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

சொல்லிவிட்டு வேலையை விடவில்லை. எதிர்பார்த்த ஆற்றல் எங்கே போயிற்று என்று தேடினார். கம்பி சூடாவதை அவர் ஏற்கெனவே அளந்திருந்தார். மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்துச் சூடு பிறக்கிறது என்ற விதி அப்போதே கிடைத்திருந்தது. 1843இல் ஒரு சுருளைத் தண்ணீர்க் குழாய்க்குள் அடைத்து, காந்தத்தின் நடுவே சுழற்றி, தண்ணீரின் சூட்டையும் சுழற்றிய எடை இறங்கிய தூரத்தையும் ஒப்பிட்டார். செய்த வேலைக்கும் பிறந்த சூட்டுக்கும் மாறாத ஒரு விகிதம் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரைக் கலக்கி 1850இல் அவர் வெளியிட்ட அளவு, இன்று நாம் ஏற்கும் மதிப்பிலிருந்து சுமார் நூற்றில் ஒரு பங்கே விலகியது. ஆற்றல் அழியாது, புதிதாகப் பிறக்காது, உருமாறும் என்ற விதியின் அடித்தளக் கற்களில் ஒன்று இப்படித்தான் நடப்பட்டது. காந்தத்தில் எல்லையில்லாத வலுவைத் தேடிப் போன அமெச்சூரின் பெயரைத்தான் ஆற்றலின் அலகாக உலகம் எழுதுகிறது.

அந்த விதி ஏன் இவ்வளவு உறுதியானது என்பதற்கான ஆழமான விடை 1918இல் எமி நோதர் என்ற ஜெர்மானியக் கணிதமேதையிடமிருந்து வந்தது. இயற்கையின் விதிகள் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருக்கும் என்றால் ஆற்றலின் மொத்த அளவு மாறாது என்று அவர் தேற்றம் காட்டுகிறது. ஓயாமல் ஆற்றல் தரும் காந்தச் சக்கரம் வேண்டுமென்றால், காந்தத்தின் விதி காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்க வேண்டும்.

இனி அடுத்த வழுக்கும் இடமான மீட்டருக்கு வருவோம். இக்காலத்து அமெச்சூர்கள் அதிகம் செய்து பார்ப்பது துடிப்பு மோட்டார். ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பெடினி பரப்பியது. சைக்கிள் சக்கரத்தின் விளிம்பில் காந்தங்கள். பக்கத்தில் ஒரு சுருள். காந்தம் சுருளைக் கடக்கும் கணத்தில் ஒரு ட்ரான்சிஸ்டர் மின்னோட்டத்தை விட்டு, உடனே வெட்டிவிடும். வெட்டும் நொடியில் சுருளில் பல நூறு வோல்ட் வரை எகிறும் கூரிய துடிப்பு ஒன்று எழும். அதை இரண்டாவது பாட்டரிக்கு அனுப்பி, அது சார்ஜ் ஆகிறது என்று காட்டுவார்கள். 12 வோல்ட் போட்டால் நூற்றுக்கணக்கான வோல்ட் வருகிறது, அந்த மிச்சம் வெற்றுவெளியிலிருந்து வருகிறது என்பது வாதம்.

பழைய பிக்சர் ட்யூப் டிவியைப் பழுதுபார்த்த மெக்கானிக்குகளுக்கு இந்தத் துடிப்பு பழக்கமானது. டிவியின் உயர் அழுத்தம் இதே வழியில்தான் எழுந்தது. பெட்ரோல் வண்டியின் இக்னிஷன் காயில் 12 வோல்ட்டை 20,000 வோல்ட் வரை ஏற்றி ஸ்பார்க் ப்ளக்கைச் சொடுக்குகிறது. வோல்ட் ஏறும்போது ஆம்பியரும் நேரமும் குறைகின்றன. சுருள் தன் காந்தப்புலத்தில் சேர்த்து வைத்ததைத்தான் திருப்பித் தரும். அதிலும் கம்பிச் சூட்டுக்குப் போனது போக மீதி.

ஆனால் மீட்டர் அப்படிக் காட்டாது. சாதாரண மல்டிமீட்டர் துடிப்புக்காகச் செய்யப்பட்டது அல்ல. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். மோட்டார்ச் சுருளுக்கு 12 வோல்ட்டும் 2 ஆம்பியரும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் துடிப்பாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு இருக்கும்போது திறன் 24 வாட், சராசரியாக 2.4 வாட். இப்போது சுருளின் இரு முனையில் மீட்டரை வைத்தால் சராசரி மின்னழுத்தம் 1.2 வோல்ட் என்று காட்டும், சராசரி மின்னோட்டம் 0.2 ஆம்பியர் என்று காட்டும். இரண்டையும் பெருக்கினால் 0.24 வாட். உண்மையில் உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் வருகிறது! வெளியே வருவதற்குத் துடிப்பின் உச்ச அளவுகளைப் பெருக்கி எழுதினால், அந்தப் பக்கம் பத்து மடங்கு கூடிவிடும். காகிதத்தில் நூறு மடங்கு லாபம். யாரும் பொய் சொல்லவில்லை, மீட்டரும் பழுதில்லை. சராசரிகளின் பெருக்கல் பெருக்கலின் சராசரி ஆகாது என்பது மட்டும் மறந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு கணத்திலும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி, பிறகு சராசரி எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழித்தடம் உள்ள ஆசிலோஸ்கோப் தேவை. மாறுமின்னோட்டத்தில் இதே தவறு வேறு வேடத்தில் வரும்: 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் சுருள் 460 வாட் தின்கிறது என்று எழுதிவிடுவார்கள். திறன் காரணி 0.2 என்றால் உண்மைச் செலவு 92 வாட்தான்.

பாட்டரியும் சேர்ந்து ஏமாற்றும். வாரக்கணக்கில் ஓடியும் வோல்ட் இறங்கவே இல்லை என்பார்கள். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி கார் பாட்டரியில் 480 வாட்-மணி இருக்கிறது. ஒரு வாட் இழுக்கும் சக்கரத்தை அது 20 நாள் ஓட்டும். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமில பாட்டரி 12.7 வோல்ட் காட்டும்; பெரும்பகுதி காலியான பிறகும் 12க்கு அருகில்தான் நிற்கும். சுமையை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் விட்டால் வோல்ட் தானாக ஏறும். துடிப்பு கொடுத்தவுடன் அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் தேங்கிய மின்னூட்டம் வோல்ட்டை உயர்த்திக் காட்டும். வோல்ட்டை மட்டும் பார்த்து பாட்டரியின் இருப்பைச் சொல்ல முடியாது. நிலையான சுமை ஒன்றை இணைத்து, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று அளந்தால்தான் இருப்பு தெரியும்.

மிசிசிப்பியின் லூஸ்டேல் ஊரைச் சேர்ந்த ஜோசஃப் நியூமனின் வழக்கு இதற்கெல்லாம் சாட்சி. பெரிய தாமிரச் சுருள், நடுவில் சுழலும் காந்தம், வரிசையாக அடுக்கிய சிறு பாட்டரிகள். 1979இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், மறுத்தார்கள், நீதிமன்றம் போனார். இயந்திரத்தை அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்திடம் கொடுத்துச் சோதிக்க நீதிபதி உத்தரவிட்டார். 1986 ஜூனில் அறிக்கை வந்தது: சோதித்த எல்லா நிலைகளிலும் உள்ளே போன திறனே அதிகம், வெளியே வந்தது குறைவு. நியூமன் 2015இல் இறக்கும்வரை அந்த முடிவை ஏற்கவில்லை. 1841இல் ஜூல் நின்ற அதே இடத்தில்தான் அவரும் நின்றார். ஒருவர் எண்களை ஏற்றார், மற்றவர் எண்களோடு சண்டையிட்டார்.

இந்தியாவிலும் இத்தகைய தேடல் நடந்திருக்கிறது. கைகா அணுமின் திட்டத்தில் உயர் பொறுப்பு வகித்த பொறியாளர் பரமஹம்ச திவாரி, வெற்றுவெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டர் பற்றி 1980களிலிருந்து பேசியும் செய்தும் வந்தார். அவர் தொடங்கிய இடம் ஃபாரடேயின் தாமிரத் தட்டு. தட்டைக் காந்தத்தின் மேல் சுழற்றினால் மின்சாரம் வரும். காந்தத்தையும் தட்டோடு சேர்த்து ஒட்டிச் சுழற்றினாலும் வரும். இரண்டாவது உண்மையிலேயே மண்டையைக் குடையும் புதிர்தான். ஆனால் இந்த வகை ஜெனரேட்டர் ஒரு வோல்ட் அளவிலேயே மின்னழுத்தம் தரும், மின்னோட்டமோ ஆயிரம் ஆம்பியர் வரை போகும். பிரஷ் தொடும் இடத்தில் 0.1 வோல்ட் பிசகினால் திறனில் பத்தில் ஒரு பங்கு பிசகிவிடும். அளப்பதற்கு மிகக் கடினமான இயந்திரம் எதுவோ, அங்கேதான் அதிசயங்கள் அதிகம் தென்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சுதந்திரமான ஆய்வகங்கள் திரும்பச் செய்து உறுதிப்படுத்திய மிகை ஆற்றல் இதுவரை எதிலும் இல்லை.

அப்படியானால் அமெச்சூருக்கு வெற்றியே கிடையாதா? உண்டு. அசையாத காந்தங்களை மட்டும் வைத்து ஒன்றை அந்தரத்தில் நிலையாக மிதக்கவிட முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842இல் நிறுவியிருந்தார். அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ராய் ஹாரிகன் என்ற கண்டுபிடிப்பாளரிடம் இயற்பியல் படித்தவர்கள் இதைச் சொல்லி முயற்சியை விடச் சொன்னார்கள். அவர் விடவில்லை. காந்தத்தால் செய்த பம்பரம் ஒன்றைச் சுழற்றி, அடிக்காந்தத்துக்கு மேலே அந்தரத்தில் மிதக்கவைத்தார்; 1983இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் 'லெவிட்ரான்' என்ற பெயரில் கடைகளில் விற்ற பொம்மை அதுதான். எடையைச் சிறு வளையங்களால் கிராமுக்கும் குறைவாகச் சரிசெய்ய வேண்டும். அறையின் சூடு மாறினாலும் விழும். ஆனால் யார் வாங்கினாலும், எந்த ஊரில் செய்தாலும் மிதக்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்ரி 1996இல் அதன் கணிதத்தை விளக்கினார். எர்ன்ஷாவின் தேற்றம் அசையாத காந்தத்துக்கு மட்டுமே. பம்பரம் சுழல்வதால் அதன் அச்சு புலத்தைத் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கிறது, அங்கே தேற்றம் தடுக்காது. காற்று வேகத்தைக் குறைத்ததும் சில நிமிடத்தில் பம்பரம் விழுந்துவிடும். ஹாரிகன் ஆற்றல் எதையும் இலவசமாகக் கேட்கவில்லை.

தனித்த வட துருவம், தனித்த தென் துருவம் என்ற லீட்ஸ்கால்னினின் எண்ணத்துக்கு நெருக்கமான கேள்வி ஒன்றைப் பெரிய இயற்பியலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒற்றைக் காந்தத்துருவம் இருக்கலாம் என்று பால் டிராக் 1931இல் காட்டினார். 1982 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிளாஸ் கப்ரேராவின் மீக்கடத்திச் சுருளில் ஒரு தாவல் பதிவானது. டிராக் சொன்ன அளவோடு அது சரியாகப் பொருந்தியது. கருவியின் பக்கத்தில் அப்போது யாரும் இல்லை. கப்ரேரா அதைக் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, இன்னும் பெரிய சுருள்களைக் கட்டினார். மற்றவர்களும் கட்டினார்கள். அந்தத் தாவல் மறுபடி வரவே இல்லை. ஒற்றைத்துருவம் கண்டுபிடிக்கப்பட்டதாக இன்று எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

காந்தச் சக்கரம் செய்துகொண்டிருக்கும் நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். சுருளைத் தொடர்ந்து சுற்றுங்கள். கையால் செய்து பார்ப்பவர்களுக்குக் காந்தம் புரியும் அளவு படித்து மட்டும் வருவதில்லை. ஆனால் பாட்டரியை எடுத்துவிட்டு, கார் ஆடியோவுக்கு விற்கும் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டரை அந்த இடத்தில் வையுங்கள். 12 வோல்ட்டில் அதற்குள் இருப்பது 72 ஜூல். ஒரு வாட் சக்கரத்துக்கு ஒரு நிமிடச் சொச்சம்தான் தாங்கும். வெளியீட்டை அதே கெப்பாசிட்டருக்குத் திருப்பிவிடுங்கள். சக்கரம் உண்மையிலேயே மிகை ஆற்றல் தந்தால் வோல்ட் ஏற வேண்டும், இறங்கக் கூடாது. மீட்டரில் நம்பிக்கை இல்லையென்றால் ஜூலின் வழி இருக்கிறது: வெளியீட்டை ஒரு மின்தடையில் செலுத்தி, தெர்மாஸ் குடுவைத் தண்ணீருக்குள் அதை மூழ்கவிட்டு வெப்பமானி வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற சுமார் 4,200 ஜூல் வேண்டும், துடிப்பின் வடிவம் எதுவாக இருந்தாலும். சார்ஜ் ஏறும் ஈய-அமில பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பல நூறு வோல்ட் துடிப்பு எழும் முனையை வெறுங்கையால் தொடாதீர்கள். சிறு நியோடிமியம் காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நெரித்துத் துளைத்துவிடும். கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தத்தின் அளவு, மீட்டரின் வகை எல்லாவற்றையும் குறித்து, இன்னொருவர் உங்களைக் கேட்காமலேயே திரும்பச் செய்யும்படி முடிவை வெளியிடுங்கள், சக்கரம் நின்றுபோயிருந்தாலும்.